ஆயுத பூஜைக்குப் பட்டினி கிடந்த முப்பது குழாய்கள்

போன மாதம் என் பழைய துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆய்வக உதவியாளர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்திருக்கிறார்களாம். இப்போது எல்லாப் பதிவும் கணினியில்தான். என்ன செய்தோம் என்று தட்டினால் நேரத்தை அதுவே போட்டுக்கொள்கிறது. நோட்டில் கையால் எழுதிய காலத்தில் எப்படிச் சுத்தமாக வேலை செய்தோம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். தலைப்பு ‘பிழையில்லாத பதிவேடு’. பேசப் போகிறவன் நான். கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு வரி இருந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு தவறும் செய்யாமல் பணியாற்றியவர், செய்த ஒரே தவறையும் தாமாகவே முன்வந்து ஒப்புக்கொண்டவர். இந்த இரண்டும் ஒரே வரியில் எப்படிச் சேர்ந்து உட்கார்ந்தன என்று தெரியவில்லை. இரண்டுமே பொய் என்பது மட்டும் தெரியும்.

அதனால் பேசப்போவதை முதலில் எழுதிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் பெயர் நாச்சிமுத்து. ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். நெல்லும் வாழையும் கரும்புமாகக் கொஞ்சம் பூமி உண்டு. தாவரவியல் படித்துவிட்டு, கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் துறையில் ஆய்வக உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் கண்ணாடிக் குழாய் கழுவினேன். அடுத்த மூன்று வருடம் பாக்டீரியாக்களுக்குச் சோறு வடித்தேன், அதாவது அகார் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றினேன். அதற்குப் பிறகுதான் உயிருள்ளதைத் தொட விட்டார்கள்.

விட்டவர் பேராசிரியர் சென்னியப்பன். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரணமாக இருந்தால் ‘நாச்சிமுத்து, இங்க வா’ என்பார். ‘வாங்க’ என்றால் ஏதோ சரியில்லை. ‘ஏனுங்க நாச்சிமுத்து, சாப்டாச்சுங்ளா?’ என்று கேட்டுவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அந்தக் கேள்வியை நான் முதலில் வாங்கியது ஒரு தட்டுக்காக. எங்கள் துறையில் விடாமல் நடந்த வேலை ஒன்று உண்டு. பாக்டீரியாவுக்குத் தானாகவே, யாரும் எதுவும் செய்யாமல், மரபணுவில் எவ்வளவு அடிக்கடி திடீர்மாற்றம் வருகிறது என்று கணக்கிடுவது. கொஞ்சம் பாக்டீரியாவை எடுத்துப் பதினைந்து குழாய்களில் தனித்தனியாக விட்டு ஓர் இரவு வளர்ப்போம். காலையில் ஒவ்வொரு குழாயையும் ஒவ்வொரு தட்டில் தடவுவோம். தட்டில் ரிஃபாம்பிசின் கலந்திருக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் மருந்துதான். தொட்டால் விரல் செங்கல் நிறமாகிவிடும். சாதாரண பாக்டீரியா அதில் பிழைக்காது. மரபணுவில் தற்செயலாகத் தக்க இடத்தில் ஓர் எழுத்து மாறிப்போனது மட்டும் பிழைத்து, புள்ளியாக வளரும். புள்ளிகளை எண்ணினால் மாற்றத்தின் வேகம் தெரியும்.

ஒரு தட்டில் நாலு புள்ளி, ஒன்றில் ஏழு, ஒன்றில் ஒன்றுமே இல்லை என்று வரும். திடீரென்று ஒரு தட்டில் மட்டும் எண்ண முடியாத அளவுக்கு ஈசல் மாதிரி அப்பிக் கிடக்கும். நான் அதை அழுக்கு விழுந்த தட்டு என்று எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். நோட்டில் பதினாலு தட்டுதான் இருந்தது.

“ஏனுங்க நாச்சிமுத்து, சாப்டாச்சுங்ளா?”

“ஆச்சுங்க சார்.”

“பதினஞ்சாவது தட்டு எங்கீங்க போச்சு?”

குப்பையிலிருந்து எடுத்துவரச் சொல்லி, உடைந்த மூடியோடு மேசையில் வைத்து, எனக்குப் பாடம் நடத்தினார். அந்தக் குழாயில் மாற்றம் மாலையிலேயே நடந்துவிட்டது, அதன் பிள்ளைகளும் பேரன்களும்தான் இத்தனை பேர், மற்றவற்றில் விடியும்போது நடந்தது, அதனால் கூட்டம் குறைவு. “அசிங்கமா இருக்குதுன்னு எதையும் எடுத்து வீசாதீங்க. நோட்டுல தப்பா எழுதிப்போட்டீங்கன்னா ரப்பர் வெச்சு அழிக்காதீங்க. ஒரே ஒரு கோடு போடுங்க, கீழ இருக்கறது படிக்கோணும். பக்கத்துல தேதி, கையெழுத்து. நடந்தது நடந்த மாதிரி இருக்கோணுமுங்க.”

அன்றிலிருந்து நான் ஒழுங்கானவன் என்று பெயர் எடுத்தேன். நாச்சிமுத்து வைத்தது என்றால் யாரும் திரும்பப் பார்க்க மாட்டார்கள். திரும்பப் பார்க்காததால் தவறு எதுவும் கண்ணில் பட்டதுமில்லை.

அமுதா ஆராய்ச்சி மாணவியாக வந்தபோது எனக்கு இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ் ஆகியிருந்தது. ஊர் அந்தியூர். அப்பா, அம்மா இருவரும் கரும்பு வெட்டும் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் கரும்பு வெட்ட ஆள் விடுவோம். இதை நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. அவளுக்கு நான் அண்ணா. எனக்கு அவள் அம்மணி.

அவள் ஆராய்ந்தது பிழை செய்யும் பாலிமரேஸ்களை. பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது தன் மரபணுவைப் படி எடுத்தாக வேண்டும். எடுத்துக்கொடுப்பவை பாலிமரேஸ்கள் என்ற நொதிகள். தலைமை பாலிமரேஸ் மகா கெட்டி. எழுதியதை அங்கேயே சரிபார்த்துத் திருத்திக்கொள்ளும். ஆனால் மூலத்தில் ஓர் எழுத்து சிதைந்திருந்தால் மேற்கொண்டு நகராமல் நின்றுவிடும். அப்போது ஒன்றிரண்டு தற்காலிக ஆட்கள் வருவார்கள். கிழிந்த பக்கம் வந்தால் தலைமை எழுத்தர் பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்துகொள்வார். தற்காலிக எழுத்தரோ கைக்கு வந்ததை நிரப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். வேலை நிற்காது, பிழை தங்கிவிடும். அவள் கேட்ட கேள்வி இதுதான்: யாரும் நஞ்சும் வைக்கவில்லை, கதிரும் பாய்ச்சவில்லை, அப்படியிருக்கத் தானாக வரும் திடீர்மாற்றத்தில் இந்தத் தற்காலிக ஆட்களின் பங்கு எவ்வளவு?

அதற்கு இரண்டு வகை ஈ.கோலை பாக்டீரியா. ஒன்று சாதாரணமானது. இன்னொன்றில் அந்தப் பிழைக்காரப் பாலிமரேஸ் ஒன்றின் மரபணுவையே நீக்கியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் பதினைந்து குழாய், ஆக முப்பது. சாதாரணத்துக்குச் சிவப்புச் சீட்டு, நீக்கியதற்குப் பச்சைச் சீட்டு. நாலைந்து முறை செய்து பார்த்தாள். இரண்டுக்கும் புள்ளிகள் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தன. உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது, ஆய்வேட்டில் எழுத ஒன்றுமில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜையும் விஜயதசமியும் வியாழன், வெள்ளியில் வந்தன. அடுத்து சனி, ஞாயிறு. அலுவலக பூஜையை வழக்கம்போல் முந்தைய வேலை நாளான புதன்கிழமை வைத்துக்கொண்டோம். அமுதா செவ்வாய் சாயங்காலம் முப்பது குழாய்களிலும் பாக்டீரியாவை விட்டு இன்குபேட்டர் சூட்டுப்பெட்டியில் வைத்துவிட்டு, அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக ஊருக்குக் கிளம்பினாள். “அண்ணா, பூசைக்கு முந்தி தடவிப்போடுங்க, நான் அடுத்த புதனுக்கு வாரனுங்க” என்றாள். அதிலென்ன கஷ்டம், பூஜை பதினொரு மணிக்குத்தானே என்றேன்.

புதன் காலை வந்து பார்த்தால் நல்ல நேரம் ஒன்பதே காலுக்கு என்று மாற்றிவிட்டார்கள். கோவையில் லேத்திலிருந்து லாரி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். எங்கள் இன்குபேட்டரும் தப்பவில்லை. கதவின் கண்ணாடியில் மூன்று பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம், கைப்பிடியில் சாமந்தி மாலை. குழாயிலிருந்து எடுத்துத் தட்டில் விட வேண்டிய பிப்பெட்டுகளைத் தாம்பாளத்தில் பரப்பிச் சாமி படத்தின் முன் வைத்திருந்தார்கள். பூஜையில் வைத்த கருவியை விடுமுறை முடிந்து திங்கட்கிழமை திரும்ப எடுக்கும் வரைக்கும் தொடக்கூடாது. தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு பேராசிரியர் நின்றார். சுற்றி இருபது பேர், தட்டில் கற்பூரம்.

“நாச்சிமுத்து, எல்லாம் முடிஞ்சுதுங்ளா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ‘இல்லீங்க, இன்னும் ஒன்றரை மணி நேர வேலை இருக்குதுங்க’ என்று சொன்னால் நல்ல நேரம் போய்விடும், ஓங்கிய தேங்காய் அப்படியே நிற்கும்.

“ஆச்சுங்க சார்.”

தேங்காய் நேர்பாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்றார்கள்.

திங்கட்கிழமை காலை மாலையைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தேன். முப்பது குழாய்களும் ஐந்து நாள் சூட்டில், இருந்த சாப்பாட்டை முதல் நாளே தின்று தீர்த்துவிட்டுச் சும்மா கிடந்தன. தடவினேன். நோட்டை எடுத்தேன். நடந்ததை எழுதுவதானால் ‘பூஜையால் தாமதம்’ என்று எழுத வேண்டும். பூஜை செய்தவர் பேராசிரியர். அவருடைய பெயரைக் கெடுக்கும் மாதிரி ஒரு வரியை அவருடைய துறையின் நோட்டிலேயே எழுதுவது மரியாதையாகப் படவில்லை. புதன்கிழமைத் தேதியைப் போட்டு ‘8.15க்குத் தடவி முடிக்கப்பட்டது’ என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பார்வைக்கு முழுமையாக இருக்கட்டும் என்று ‘9.00க்குக் குழாய்கள் அவித்துக் கழிக்கப்பட்டன’ என்று இன்னொரு வரியும் சேர்த்தேன். ஒழுங்கானவன் பொய் எழுதினாலும் ஒழுங்காகத்தானே எழுதுவான்.

அமுதா வந்து தட்டுகளை எண்ணினாள். சிவப்புச் சீட்டுத் தட்டுகளில் புள்ளிகள் நிறைந்து கிடந்தன, பச்சையில் கொஞ்சம்தான். பிழைக்காரப் பாலிமரேஸ் இல்லாததில் மாற்றம் குறைந்திருக்கிறது. மறுபடி எண்ணினாள். என்னையும் எண்ணச் சொன்னாள். அப்போதும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. நம் பிள்ளைக்கு நல்லது நடந்ததே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. எண்ணி முடித்த தட்டுகளை விதிப்படி ஆட்டோகிளேவில் போட்டு அவித்தேன்.

பேராசிரியர் அதை அந்த மாதமே ஒரு கருத்தரங்கில் எடுத்துச் சொன்னார். நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியாவிலேயே இந்தப் பாலிமரேஸுக்கு இவ்வளவு பங்கு என்றார். வேறு ஓர் ஊர்க்காரர்கள் செய்து பார்த்துவிட்டு, எங்களுக்கு வரவில்லையே என்று எழுதினார்கள். அமுதா திரும்பச் செய்தாள். வரவில்லை. மூன்று மாதத்தில் பதினோரு முறை செய்தாள். அத்தனை முறையும் ஒரே ஓர் இரவுதான் வளர்த்தாள், நோட்டில் அப்படித்தானே இருக்கிறது. நான் கூடவே இருந்து குழாய் கழுவிக் கொடுத்தேன், அகார் ஊற்றிக் கொடுத்தேன். நாச்சிமுத்து அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு ஒத்தாசை பாருங்கள் என்று துறையில் பேசிக்கொண்டார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது யாரும் கேட்கலாம். எனக்குத் தெரியாமல் இருந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஐந்து நாள் பட்டினிக்கும் அந்தப் புள்ளிகளுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று மூன்றாவது முறை வராதபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருபது வருடம் அந்த வேலையைப் பார்த்தவன் நான். பயந்தேன், அவ்வளவுதான்.

பொங்கல் கழிந்ததும் மூன்று பேர் கொண்ட கமிட்டி போட்டார்கள். ரொம்ப மரியாதையான கமிட்டி. தடவியது நாச்சிமுத்து, அதில் தவறிருக்காது. எண்ணியது அமுதா, ஆகவே அவளுடைய நோட்டைப் பார்த்தால் போதும் என்று முதல் பத்து நிமிடத்திலேயே முடிவு செய்தார்கள். நான் அதே அறையில் டீத்தட்டோடு நின்றேன். “குடும்பத்துல மொதத் தடவ இவ்வளவு படிக்கறவங்க, அவசரம் இருக்குமுங்க. நாம அதையும் பாக்கோணும்” என்றார் அதில் ஒருவர், பரிவோடு. அமுதா எண்ணிக்கையைச் சோடித்துவிட்டாள் என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது. அடுத்த கூட்டத்தில் ஆராய்ச்சி மாணவி என்ற அவளுடைய பதிவை ரத்து செய்வதைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. என் நோட்டை யாரும் கேட்கவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு முந்தைய நாள் நான் அகார் ஊற்றிக்கொண்டிருந்தேன். அமுதா வந்து பக்கத்தில் நின்றாள். கையில் போன். ஆயுத பூஜையன்று அலுவலகத் தட்டச்சர் எடுத்துத் துறையின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட படம்.

“அண்ணா, செவுத்துக் கடியாரத்துல மணி எத்தனைங்க?”

குனிந்து பார்த்தேன். “ஒம்பது முப்பத்தஞ்சு.”

“இன்குபேட்டர் கண்ணாடிக்குள்ள என்னங்க தெரியுது?”

சந்தனப் பட்டைகளுக்கு நடுவில், கேமரா வெளிச்சத்தில், சிவப்புச் சீட்டும் பச்சைச் சீட்டும் வரிசையாகத் தெரிந்தன. ஒன்பது மணிக்கு நான் அவித்துக் கழித்த முப்பது குழாய்கள்.

“மூணு மாசமா நான் என்ற கையத்தான் சந்தேகப்பட்டுட்டு இருந்தனுங்க” என்றாள். குரல் உயரவில்லை. “தூக்கத்துல எண்ணிப்போட்டனா, தட்ட மாத்தி வெச்சுப்போட்டனான்னு. அப்பாகிட்டக்கூட, நான் தப்புப் பண்ணியிருப்பேன்னே சொல்லிப்போட்டனுங்க.”

குடுவையில் அகார் ஆறிக் கட்டியாகிக்கொண்டிருந்தது.

“நாளைக்குக் கமிட்டிங்க. நீங்களே போயிச் சொல்லீருங்கண்ணா.”

அவளே காட்டியிருக்கலாம். காட்டாமல் என் மானத்தைக் காப்பாற்றினாளே என்று அன்று கண் கலங்கினேன். பல வருடம் அதைக் கருணை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் போகும்போது அவள் இன்னொரு வாக்கியமும் சொன்னாள். அது காதில் விழுந்தும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. “நான் காட்டுனா, படத்தையும் நானே செஞ்சதும்பாங்க.”

பேராசிரியர் அறைக்குப் போனேன். “உக்காருங்க நாச்சிமுத்து. டீ குடிக்கறீங்ளா?” என்றார். அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்தேன். படத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. தானாக வந்து சொல்கிறேன் என்று அவராகவே எடுத்துக்கொண்டார், நான் திருத்தவில்லை.

“எத்தன நாளுங்க உள்ள இருந்துச்சு?”

“அஞ்சு நாளுங்க சார்.”

அடுத்து ‘சாப்டாச்சுங்ளா’ வரும் என்று குனிந்திருந்தேன். வரவில்லை. நிமிர்ந்தால் அவர் முகத்தில் கோபத்தையே காணோம். பேனாவைத் திறந்து மேசைமேல் கிடந்த அழைப்பிதழின் பின்பக்கம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். “அஞ்சு நாள் பட்டினி போட்டிருக்கீங்க. பட்டினி கிடந்தாத்தான் அந்தப் பாலிமரேஸ் அதிகமா வேலைக்கு வருது. வளர்றப்ப இல்லீங்க, பசியிலதான்.” எனக்கு நன்றி சொல்லிவிடுவாரோ என்று பயமாகப் போய்விட்டது.

மறுநாள் கூடிய கமிட்டி ரத்துப் பேச்சை நிறுத்திவைத்தது. வேண்டுமென்றே ஐந்து நாள் பட்டினி போட்டு மறுபடி செய்தோம். வந்தது. இன்னொரு முறையும் வந்தது. அந்தப் பாலிமரேஸை நீக்கினாலும் மாற்றம் அடியோடு நிற்பதில்லை, தலைமை எழுத்தரும் எப்போதாவது சறுக்குவார். ஆனால் பசித்துக் கிடக்கும்போது வரும் மாற்றங்களில் நல்ல பங்கு இந்தத் தற்காலிக ஆளுடையதுதான். அமுதாவின் ஆய்வேட்டுக்கு அதுவே முதுகெலும்பு ஆனது. என் நோட்டில் புதன்கிழமைத் தேதிமேல் ஒரே ஒரு கோடு போட்டேன். கீழே இருந்தது நன்றாகப் படிக்கும்படி இருந்தது.

கமிட்டி மூன்றாம் முறை கூடியது. என் நேர்மையைப் பாராட்டி ஒரு தீர்மானம் எழுதி, அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். “பாருங்க அம்மணி, நாச்சிமுத்துவுக்கு எவ்வளவு பெரிய மனசு. தானா வந்து ஒத்துக்கிட்டாரு” என்றார் பேராசிரியர் அமுதாவிடம். அவள் என்னைப் பார்த்தாள். நான் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். “ஆமாங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மூன்று மாதம் அவளைச் சந்தேகப்பட்டதற்கு யாரும் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. மரியாதைக்குக் குறைவில்லாத துறை எங்களுடையது. ஆனால் அதற்கான படிவம் இல்லை.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நான் ‘தானாக ஒத்துக்கொண்டவர்’. பிரிவுபசார விழாவிலும் அதையே பேசினார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதை யாரும் படித்ததில்லை.

கடிதம் வந்த மறுநாள் அமுதாவுக்குப் போன் செய்தேன். இப்போது வேறோர் ஊரில் பேராசிரியராக இருக்கிறாள். பயிற்சி வகுப்பைப் பற்றிச் சொன்னேன். அந்தப் படம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“அதுக்கப்புறம் நாலு போன் மாத்தீட்டனுங்கண்ணா. படத்த மட்டும் ஒவ்வொண்ணுலயும் ஏத்திக்குவனுங்க.”

“இன்னுமா நம்ப மாட்டாங்கன்னு பயம்?”

“பயமில்லீங்கண்ணா. நீங்க எப்பக் கேப்பீங்கன்னு இருந்தனுங்க.”

போனை வைத்த நிமிடத்தில் படம் வந்துவிட்டது. நான் அதை முழுதாக ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று அவள் காட்டியபோது கடிகாரத்தையும் கண்ணாடியையும்தான் பார்த்தேன். பேச்சை இந்தப் படத்தைத் திரையில் போட்டுத்தான் ஆரம்பிக்கப்போகிறேன். வாயால் விளக்க அதிகம் வேலையில்லை. நடுவில் பேராசிரியர், கையில் உடைந்த தேங்காய். சுவரில் ஒன்பது முப்பத்தைந்து. இன்குபேட்டருக்கு முன்னால் சற்று ஓரமாக நான் நிற்கிறேன், முப்பது குழாய்களுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக் கும்பிட்டபடி.